ஆறடிப் பலகையில் ஆழ்கடல்

ஆழ்கடலை வரையச் சொன்னால் முதலில் கை போவது நீலத்துக்கு. அப்புறம் பவளப்பாறை, கோமாளி மீன், மேலிருந்து சாய்வாக இறங்கும் வெயில். கடல் மாசு என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டால் ஓர் ஆமை, அதன் கழுத்தில் ஒரு பாலித்தீன் பை. குமரி மாவட்டத்தில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளிப் போட்டிகளுக்கு நடுவராகப் போகும்போதெல்லாம் இந்தப் படம்தான் மேசை முழுக்க வந்து விழும். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், பெரியவர்களும் இதைத்தான் வரைகிறோம். ஆனால் அந்தப் பவளப்பாறை இருப்பது வெயில் படும் மேல்மட்டத்தில். அது ஆழ்கடலே இல்லை.

அளவு பிசகாத ஒரு கடலைச் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. பெயின்டோடு கண்ட பொருளையும் ஒட்டித் தைத்துச் செய்கிற மிக்ஸட் மீடியா வேலை. உலகக் கடல்களின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். ஆறடிப் பலகை என்றால் 72 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 50 மீட்டர் சொச்சம் வருகிறது. பாசியும் செடியும் பிழைக்கிற அளவுக்கு வெளிச்சம் இறங்குவது 200 மீட்டர் வரைதான். பலகையில் அது மேலிருந்து நான்கே அங்குலம். 1,000 மீட்டரோடு சூரிய வெளிச்சம் அடியோடு தீர்ந்துவிடுகிறது, அது இருபதாவது அங்குலம். மிச்சம் ஐம்பத்திரண்டு அங்குலமும் இருட்டு. நாம் பார்த்த கடல், தின்ற சாளை, நெத்திலி, அஞ்சலட்டையில் வருகிற பவளத்தீவு எல்லாம் அந்த நான்கு அங்குலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. உலகக் கடல்களிலேயே ஆழமான மரியானா அகழியையும் இதே அளவில் காட்டுவதென்றால் பலகை கிட்டத்தட்ட 18 அடி வேண்டும், அதற்கு என் வீட்டுக் கூரை இடம் கொடுக்காது.

இந்த வேலையில் யாராவது இறங்கினால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தூரிகைக்கு முன்னால் அளவுகோலை எடுங்கள். பலகையை நிமிர்த்தி வையுங்கள். அகலவாக்கில் போட்டால் கை தானாகவே கடற்கரைக் காட்சிக்குப் போய்விடும்.

பலகையில் வைத்துத் தைத்த குப்பை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். 2025 மே 24 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் சாய்ந்தது, மறுநாள் மூழ்கியது. ஆட்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள். கப்பலில் இருந்த 640 கண்டெய்னர்களில் சிலவற்றில் பிளாஸ்டிக் குருணை மூட்டைகள். வாளி, பை, குழாய் என்று எதை வார்ப்பதானாலும் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் இந்த வடிவத்தில்தான் போகும். நர்டில் என்பார்கள். ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். சில நாட்களில் அது குமரிக் கரைகளிலும் ஒதுங்க ஆரம்பித்தது. தன்னார்வலர்களும் ஊர்க்காரர்களும் சல்லடை வைத்துச் சலித்தார்கள், மூட்டை கட்டி அனுப்பினார்கள். மூட்டை போன பிறகும் ஒவ்வொரு அலையும் கொஞ்சம் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்தது. 2021-இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் எரிந்தபோது இலங்கைக் கரையில் இதே குருணை குவிந்து கிடந்ததைப் படங்களில் பார்த்திருந்தேன். நம் மணலிலும் அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

கரையில் பொறுக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. எங்கள் பக்கம் கடற்கரை ஊர் என்றால் பங்குத்தந்தையிடமோ ஊர்க் கமிட்டியிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவதுதான் மரியாதை. சொல்லாமல் சாக்கோடு அலைந்தால் யாரென்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். வலை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. மணலில் பாதி புதைந்து, கிழிந்து கிடப்பதெல்லாம் வீசி எறிந்த வலை இல்லை. கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலை, இழுக்கிற ஒரு பெரியவர் என் கையில் இருந்த துண்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சரே, அது கெடக்கட்டு. காய வச்சதாக்கும். வேண்டாததை நான் காட்டித் தாறேன்." காட்டியும் தந்தார். அவர் கொடுத்த அறுந்த தங்கூசி (நைலான் நரம்பு) வலையும் பச்சைக் கயிறும்தான் பலகையின் கீழ்ப் பாதியில் இருக்கின்றன. கேட்டு வாங்கினால் பொருளோடு அதன் கதையும் சேர்ந்து வரும். எந்த வலை எத்தனை பாகம் ஆழத்தில் போடுவது, எது பாறையில் சிக்கினால் திரும்ப வராது என்றெல்லாம் நான் தெரிந்துகொண்டது அந்த மணலில் உட்கார்ந்துதான்.

கையுறை கட்டாயம். ஊசி, பிளேடு, உடைந்த பாட்டில் கிடக்கும் என்பது ஒரு காரணம். குருணைக்குத் தனியாக இன்னொரு காரணமும் உண்டு. கடல் நீரில் கரைந்திருக்கிற பூச்சிமருந்து, எண்ணெய்வழி நச்சுகள் பிளாஸ்டிக்கின் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். தோக்கியோவில் ஓர் ஆய்வுக்குழு உலகம் முழுவதிலிருந்தும் கரை ஒதுங்கிய குருணைகளைத் தபாலில் வரவழைத்து, எந்தக் கடலில் என்ன நச்சு இருக்கிறது என்று அதிலிருந்தே கண்டுபிடித்து வருகிறது. ஆகவே பொறுக்கியதை வெறுங்கையால் அளைவதும், சமையல் பாத்திரத்தில் கழுவுவதும் வேண்டாம்.

கூடவே ஒரு சட்ட விஷயம். கலை செய்கிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. பவளத்துண்டு, கடல் விசிறி, கடல் குதிரை இவையெல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. சில சங்கு வகைகளும் அப்படியே. செத்து ஒதுங்கியதுதானே என்று எடுத்துப் பலகையில் ஒட்டினாலும் குற்றம் குற்றம்தான். கடலுக்காகப் பேசுகிற படத்தில் கடலிலிருந்து எடுத்ததை ஏன் ஒட்ட வேண்டும் என்பது என் கேள்வி. சட்டமே இல்லாவிட்டாலும் நான் ஒட்ட மாட்டேன்.

மணலிலிருந்து குருணையைப் பிரிக்கச் சல்லடையைவிட வாளி நல்லது. கரை ஒதுங்கும் குருணை பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன், இரண்டும் மிதக்கும். மணலோடு அள்ளி நல்ல தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மணல் அடியில் போய்விடும், குருணை மேலே வரும். டீ வடிகட்டியால் அள்ளிக்கொள்ளலாம். அந்த வடிகட்டி பிறகு டீக்கு ஆகாது. இதே வாளிதான் மற்ற பிளாஸ்டிக்கையும் தரம் பிரித்துத் தரும். பாட்டில் மூடி, மீன்பெட்டித் துண்டு எல்லாம் மிதக்கும். தண்ணீர் பாட்டில் துண்டு, நைலான் வலை, பிவிசி குழாய் மூழ்கும். பசை தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பிரிவினை உதவும்.

அப்புறம் உப்பு. இந்த வேலையின் நிஜமான எதிரி அதுதான். கழுவிவிட்டோம் என்று நினைத்து ஒட்டினால் உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பெயின்ட் கொப்பளிக்கும், ஆணி துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் தினம் தண்ணீர் மாற்ற வேண்டும். எப்போது போதும் என்று தெரிய ஒரு வழி: ஊறிய தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டுக் காயவிடுங்கள், பக்கத்தில் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு. இரண்டு சொட்டும் காய்ந்தபின் ஒரே மாதிரித் தெரிந்தால் போதும். ஊறிய தண்ணீர்ச் சொட்டு வெள்ளை வளையம் கட்டினால் இன்னும் ஊற வேண்டும். முறுக்கிய கயிறுதான் அதிக நாள் எடுக்கும், உள்ளே உப்பு ஒளிந்திருக்கும். கழுவிய தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள். வெயிலில் நாள்பட்ட பிளாஸ்டிக் தொட்டாலே பொடியும், அந்தப் பொடி ஓடையில் போனால் திரும்பக் கடலுக்குத்தான் போகும். அதே காரணத்துக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கூடாது.

இனி இருட்டு. கறுப்பு டியூபைப் பிதுக்கிப் பூசினால் அது இருட்டாகாது, கரும்பலகையாகும். தாலோ நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் கலந்து, தண்ணீரும் மீடியமும் (நிறமில்லாத அக்ரிலிக் குழம்பு) விட்டு மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால்தான் உள்ளே போகிற ஆழம் கிடைக்கிறது. ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய வேண்டும். தென்மேற்குப் பருவமழை நேரத்தில் பொறுமை தேவைப்படும். இருபதாவது அங்குலத்துக்குக் கீழே சிரட்டைக் கரியை நுணுக்கி, துணியில் சலித்து, மேட் மீடியத்தில் குழைத்துப் பூசினேன். பளபளப்பே இல்லாத கருமை வந்தது. கடையில் விற்கிற எந்தக் கறுப்பும் அதன் பக்கத்தில் சாம்பலாகத் தெரிகிறது. கடலுக்கடியில் இதைவிட நல்ல கறுப்பைச் சுமக்கிற மீன்கள் இருக்கின்றன. தன்மேல் விழும் வெளிச்சத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்பும் மீன் வகைகள் பதினாறை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு பட்டியலிட்டது. அங்கே வெளிச்சம் என்பதே வேறு விலங்கு உமிழ்வதுதான். அதில் மாட்டாமல் இருக்கத்தான் இந்தத் தோல்.

சிவப்பு விஷயமும் இப்படித்தான். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. கடியப்பட்டணம் பக்கம் சிப்பி எடுக்க மூழ்குகிற ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தன் விரல் தழும்பைக் காட்டினார்: "அடியில கை கிழிஞ்சா சோரை கறுத்துப் பச்சையாத்தான் தெரியும், டீச்சரே. மேல வந்து பாத்தாதான் பயமே வரும்." சோரை என்றால் ரத்தம். அதைக் கேட்டபிறகு பலகையில் ஒரு வேலை செய்தேன். சிவப்பு பாட்டில் மூடிகளை மேல் நான்கு அங்குலத்தில் அப்படியே விட்டேன். கீழே போகப் போக அதே மூடிகளுக்கு நீலப் பூச்சு ஏற்றி அணைத்துக்கொண்டே வந்தேன். எட்ட நின்றால் மூடிகள் இல்லாமல் போய்விட்டதுபோல் இருக்கும். பக்கத்தில் வந்தால் எல்லாமே அங்கே இருக்கும்.

பசை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், நேராகச் சொல்லிவிடுகிறேன். தெர்மாகோலை விட்டால், மிதக்கிற பிளாஸ்டிக்கில் ஃபெவிகால் பிடிக்காது. காய்ந்தபின் நகத்தால் நெம்பினால் முழுசாக உரிந்து வரும். எம்-சீல், எபாக்ஸிகூட அதில் உறுதியாக நிற்பதில்லை, பாலிஎத்திலீனின் மேற்பரப்பு எதையும் ஏற்றுக்கொள்ளாத சுபாவம் கொண்டது. ஹாட் குளூ சட்டென்று பிடிக்கும், ஆனால் தகரக்கூரை அறையிலோ வெயிலில் நிற்கிற காரிலோ இளகி விட்டுவிடும். தெர்மாகோல் மேல் ஸ்பிரே பெயின்ட் அடித்தால் அது உருகிக் குழி விழும். ஆகவே ஒட்டாதீர்கள், கட்டுங்கள். பலகையில் மெல்லிய துளை போட்டு, பின்பக்கமிருந்து நூல் கோத்து இறுக்குங்கள். வலையைத் தைப்பதும் இப்படியே. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணையில் எரூப் என்ற தீவில் கலைஞர்கள் கைவிடப்பட்ட வலைகளிலிருந்தே பெரிய பெரிய கடல் உயிர்களைச் செய்கிறார்கள். அவர்கள் சிற்பங்களைப் படத்தில் உற்றுப் பார்த்தால் எல்லாம் தையலும் பின்னலும்தான். வலை பிறந்ததே முடிச்சில், அதற்குப் பசை எதற்கு?

குருணை மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொன்றிலும் துளை போட முடியாது. கெட்டியான அக்ரிலிக் ஜெல்லைப் பரப்பி, ஈரமாக இருக்கும்போதே பாதி முங்குகிற அளவுக்கு அழுத்திவிட்டால் ஜெல் சுற்றி இறுகிப் பிடித்துக்கொள்ளும். அது ஒட்டுவதல்ல, குழியில் உட்கார வைப்பது. முதலில் ஒரு சின்ன அட்டையில் செய்து, காய்ந்தபின் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுப் பலகைக்குப் போங்கள்.

ரெசின் ஊற்றலாமே என்பார்கள். ரெசின் கடல் அலை இப்போது பெரிய மோகம். மேசை, கடிகாரம், சாவிக்கொத்து எல்லாவற்றிலும் அலை. எபாக்ஸி ரெசினும் பிளாஸ்டிக்தான். கெட்டிப்படும் முன் அதன் நெடி மூச்சுக்கு ஆகாது, தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். கடல் மாசைச் சொல்ல இரண்டு லிட்டர் புது பிளாஸ்டிக்கை ஊற்றிக் கெட்டியாக்குவது எனக்கு ஒப்பவில்லை. அதைவிட மோசம், பள்ளியில் 'கழிவிலிருந்து கலை' போட்டி என்றதும் கடையில் புது ஸ்ட்ராவும் புதுத் தட்டும் வாங்கி அனுப்புவது.

ஒளிரும் தூளைப் பற்றியும் ஒரு வரி. ஆழத்து விலங்குகள் உமிழும் ஒளி பெரும்பாலும் நீலப்பச்சை, அந்த நிறத்திலேயே தூள் கிடைக்கிறது. வாங்கும்போது தண்ணீர் தாங்கும் பூச்சுள்ளதா என்று கேளுங்கள். பூச்சில்லாத தூளை அக்ரிலிக்கில் கலந்தால் ஈரம் பட்டுச் செத்துவிடும். மிகச் சில புள்ளிகள் போதும். அதிகமானால் தீபாவளிக் கடை ஆகிவிடும்.

இந்தப் பலகையில் நான் எதையாவது சொல்ல நினைத்தேன் என்றால் அது நடுப்பகுதியில் இருக்கிறது. வெயில் போகாத ஆழத்தில் எதுவும் முளைக்காது. அங்கே இருப்பவை உயிர் வாழ்வது பெரும்பாலும் மேலிருந்து விழுவதைத் தின்று. செத்த மிதவைப் பாசி, இறால் குஞ்சின் உரிந்த தோல், மீன் கழிவு எல்லாம் கட்டிக்கட்டியாகச் சேர்ந்து வெள்ளைத் துகள்களாக இறங்கிக்கொண்டே இருக்கும். கடல் பனி என்கிறார்கள். அடி போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகலாம். மிதக்கிற பிளாஸ்டிக்கும் கடைசியில் இதே வழியில்தான் கீழே போகிறது. பாசி படிந்து, சிறு உயிர்கள் ஒட்டி, கனம் கூடி, அல்லது ஏதோ ஒன்று தின்று கழித்த கட்டியோடு சேர்ந்து. 1998-இல் மரியானா அகழியில் 10,898 மீட்டர் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் பை படமாகியிருக்கிறது. அதே அகழியில் ஆறாயிரம் மீட்டருக்கும் கீழே பிடித்த, இறால் போன்ற ஒரு புது உயிரின் குடலில் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்கின் இழை இருந்தது. 2020-இல் அதற்கு யூரிதீனஸ் பிளாஸ்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள்.

ஆகவே ஆமையும் பையும் வேண்டாம், இந்தப் பனியைச் செய்வோம் என்று முடிவு செய்தேன். முட்டை ஓட்டை உள்தோல் உரித்து, கழுவி, காயவைத்து, நொறுக்கினேன். குருணை அளவுக்கு வருவதை மட்டும் சலித்து எடுத்துக்கொண்டேன். இரண்டையும் கலந்து மேலிருந்து கீழ்வரை தூவலாகப் பதித்தேன், மேலே அடர்த்தியாக, கீழே போகப் போக அரிதாக. இரண்டடி தள்ளி நின்றால் எது ஓடு எது குருணை என்று சொல்ல முடியாது. கைவிளக்கு அடித்து மூக்கு உரசும் தூரத்தில் பார்த்தால்தான் ஒன்று வழவழப்பு, ஒன்று சொரசொரப்பு. இருட்டில் வாய் திறந்து காத்திருக்கிற உயிருக்கு அந்த விளக்கு ஏது?

அடித்தரைக்குக் குளத்து வண்டலைச் சலித்து மீடியத்தில் குழைத்தேன். ஆழ்கடல் தரை நம் கடற்கரை மாதிரி மணல் இல்லை, பெரும்பாலும் நுண்ணிய சேறு. கனமாகப் பூசினால் வெடிக்கும், மெல்லிசாக இரண்டு மூன்று தடவை போடுங்கள். வெடித்தாலும் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். தண்ணீருக்குள் இருக்கிற சேறு எப்படி வெடிக்கும்?

ஊர்த் திருவிழா நேரத்தில் பங்கு மண்டபத்தில் பலகையை நிறுத்தினோம். வெளிச்சம்தான் பெரிய தலைவலி. மண்டபத்து டியூப்லைட் நேராக விழுந்தால் கரி சாம்பலாகிவிடும், வலை நூல் மட்டும் மின்னும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, மேலிருந்து சுவரை உரசுகிற மாதிரி ஒரே ஒரு விளக்கு. நீல எல்இடி வேண்டாம் என்று நானே பிளக்கைப் பிடுங்கினேன். கண்ணாடி போட்ட சட்டமும் கூடாது, பார்ப்பவர் முகம்தான் அதில் தெரியும்.

மீன் விற்கிற ஓர் அக்கா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டீச்சரே, இத்தன பெரிய கடலு செஞ்சிருக்கிய, மீனு எங்க?" ஒரு மீன் இருக்கிறது. சைக்கிள் டியூபை வெட்டி, கரி பூசி, அறுபதாவது அங்குலத்தில் வைத்தது. பக்கவாட்டில் நின்றால்தான் அதன் விளிம்பு தெரியும். காட்டினேன். "இவ்வளவு அடியில போய் இது என்னத்தைத் தின்னும்?" என்றார். பனியைக் காட்டி, எது முட்டை ஓடு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். பின்னால் நின்ற பிள்ளைகளும் தடவ ஆரம்பித்தார்கள். தொடாதே என்று எழுதி வைக்கச் சொன்ன ஆளை நான் தடுத்தேன். இந்தப் படத்தைக் கண்ணைவிட விரல்தான் நன்றாகப் படிக்கும். அதற்காகத்தான் ஜெல் உறுதியாக இருக்க வேண்டும் என்று மேலே அவ்வளவு சொன்னேன். உதிர்ந்து விழுகிற ஒவ்வொரு குருணையும் தரையைப் பெருக்கும்போது குப்பைக்குப் போய், மழையில் திரும்பக் கிளம்பிவிடும்.

பிள்ளைகளோடு செய்வதென்றால் பெரிய பலகை வேண்டாம். ஓர் அட்டையை நிமிர்த்தி, அளவுகோலால் அங்குலம் பிரித்து, பென்சிலால் ஆழம் குறிக்கச் சொல்லுங்கள். கரியும் முட்டை ஓடும் கொடுங்கள். கரை ஒதுங்கிய பிளாஸ்டிக்கை நீங்களே கழுவிக் காயவைத்துக் கொடுங்கள், அவர்களைப் பொறுக்க விடாதீர்கள். குருணையை எட்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே வேண்டாம், வாயில் போட்டுவிடுவார்கள்.

பலகையின் பின்பக்கத்தில் பொருள் பட்டியல் ஒன்று எழுதி ஒட்டியிருக்கிறேன்: எந்தப் பிளாஸ்டிக், எங்கே ஒதுங்கியது, எதனால் பிடித்திருக்கிறது, எந்த நூலை அறுத்தால் எது கழன்று வரும். நாளைக்கு யாருக்காவது இது வேண்டாம் என்று ஆனால், பிரித்து மறுசுழற்சிக்குக் கொடுக்க அவர்களுக்கு அந்தத் தாள் வேண்டும். ஜெல்லில் பதிந்த குருணையை மட்டும் பிரிக்க முடியாது. அதற்கு வேறு வழி யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அடுத்த பலகைக்குப் பிளை வாங்கி வைத்திருக்கிறேன்.